எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்னும் தவறான கேள்வி

சோபா, கார்ப்பெட், கார், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை வாடிக்கையாளரின் வாசலுக்கே சென்று சுத்தம் செய்துகொடுக்கும் சிறு தொழில்கள் சென்னையிலும் அதை ஒத்த நகரங்களிலும் பெருகியுள்ளன. ஒரு வண்டி, இரண்டு மூன்று ஆட்கள், சில இயந்திரங்கள் என்ற அளவில் நடக்கும் இத்தொழிலில், மின்சார வண்டியைப் பற்றிய நம்பிக்கை ஒன்று ஆராயப்படாமலே உண்மையாக ஏற்கப்பட்டிருக்கிறது: தண்ணீரையும் இயந்திரங்களையும் சுமந்து நாள் முழுவதும் அலையும் வேலைக்கு பேட்டரி வண்டி தாங்காது, பாதி வழியில் நின்றுவிடும் என்பதே அது. இந்நம்பிக்கை தவறானது, வண்டி வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகளை அது மறைத்துவிடுவதோ அதனினும் பெரிய கேடு.

இத்தொழிலில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகுதி. ஒரு வீட்டின் சோபாவையும் மெத்தையையும் முடிக்க இரண்டு மணி நேரம் எளிதில் கழிந்துவிடுவதால், ஒரு குழு நாளொன்றுக்கு மூன்று நான்கு வீடுகளுக்கு மேல் செல்வது அரிது. அம்பத்தூரில் கிளம்பி அண்ணா நகர், வேளச்சேரி, துரைப்பாக்கம் என்று சுற்றித் திரும்பினாலும் பயணம் 70 கி.மீ. அளவில் அடங்கும். மக்கள் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸ் வரிசையில் 2025இல் வந்த ஏஸ் ப்ரோ மின்வண்டியின் பேட்டரி 14.4 யூனிட் கொள்ளளவு உடையது. ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் செலவாவதே மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட். முழுதாக ஏற்றிய மின்சாரத்தில் 155 கி.மீ. ஓடும் என்னும் அதன் சான்று சோதனைச் சூழலில் பெறப்பட்டது என்பதால், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 100 கி.மீ. மிஞ்சுகிறது. மேலும் நகர நெரிசலில் டீசல் என்ஜின் நின்ற இடத்திலேயே எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்க, மின்மோட்டார் நிற்கையில் ஏறக்குறைய எதையும் செலவிடுவதில்லை; பிரேக் பிடிக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி மீண்டும் பேட்டரிக்குள் செலுத்தவும் செய்கிறது.

கிலோமீட்டரைப் பற்றியே பேசுவோர் கவனியாமல் விடுவது எடையும் வெப்பமும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ ஆதலால், 500 லிட்டர் தொட்டியை ஏற்றிய உடனேயே, 750 கிலோ சுமைக்கு அனுமதி பெற்ற மேற்சொன்ன வண்டியில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. பிரஷர் வாஷர், ஹோஸ், ஏணி, ரசாயனக் கேன்கள் ஆகியவை எஞ்சிய பங்குக்குள் அடங்க வேண்டும். வெப்பத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. கார்ப்பெட்டைக் கழுவ 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 4 யூனிட் செலவாகும். சான்றுக் கணக்கின்படி அதே மின்சாரம் வண்டியை 40 கி.மீ.க்கு மேல் ஓட்டப் போதுமானது. ஆகவே இயந்திரங்களுக்கு வாடிக்கையாளர் வீட்டு மின்சாரம் கிடைக்குமா, தண்ணீர் அங்கேயே கிடைக்குமா, சுடுநீர் தேவைதானா என்பவையே வண்டியின் தகுதியைத் தீர்மானிக்கின்றன.

இன்னொரு கணக்கு பேட்டரி தாங்காது என்னும் நம்பிக்கையை முற்றிலும் தலைகீழாக்குகிறது. ஏஸ் ப்ரோ அறிமுகமானபோது பெட்ரோல் வகையின் விலை 3.99 லட்சம், மின்வகையின் விலை 6.50 லட்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ., மின்சாரம் யூனிட்டுக்கு 10 ரூபாய், முழு மின்னேற்றத்துக்கு மேற்கண்ட 100 கி.மீ., ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கொண்டால், நாள்தோறும் 60 கி.மீ. ஓடுபவர் அந்த இரண்டரை லட்சம் வேறுபாட்டை நான்கு ஆண்டுக்குள் மீட்டுவிடுவார், 20 கி.மீ. மட்டுமே ஓடுபவருக்கோ பத்து ஆண்டுக்கு மேலாகும். மிகுதியாக ஓடுவோர் அஞ்ச வேண்டும் என்று தொழிலில் சொல்லப்படுகிறது. உண்மையில் தயங்க வேண்டியவர் ஒரே பேட்டைக்குள் வேலை செய்து குறைவாக ஓடுபவரே.

என்ஜினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டியே நடுவழி என்று சிலர் கூறுவர். இரண்டு இயக்க அமைப்புகளின் எடையையும் பராமரிப்பையும் சுமக்கும் அவ்வண்டி நெடுந்தூரம் செல்வோருக்குப் பயன்படலாம். எடைக்கே நெருக்கடியான இத்தொழிலுக்கு அது பொருந்தாது. மின்வண்டியின் பேரால் பசுமை என்னும் சொல்லை மிகையாக முழங்குவதும் நேர்மையன்று, ஏனெனில் இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. ஆயினும் புகை எங்கே வெளிப்படுகிறது என்பது பொருட்படுத்தத் தக்கது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2012இல் வகைப்படுத்தியது. அதை மிக அருகில் நின்று சுவாசிப்பவர், என்ஜினை அணைக்காத வண்டியின் பின்புறம் நின்று ஹோஸைச் சுற்றும் கூலியாள். அவருடைய நுரையீரல் எந்த லாபக் கணக்கிலும் சேர்வதில்லை என்பது பெருங்குறை.

உண்மையான தடை இரவில்தான் தொடங்குகிறது. காலியான 14.4 யூனிட் பேட்டரியை நிரப்ப, 16 ஆம்பியர் பிளக் ஒன்றில் ஐந்தாறு மணி நேரம் போதும். வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்து உரிமையாளர் தம் வண்டிக்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே தெளிவாகக் கூறியது. ஆனால் சிறு தொழில் நடத்துபவர்களில் பலர் வாடகை வீட்டில் வாழ்ந்து, வண்டியைத் தெருவில் நிறுத்துபவர்கள். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அடுக்குமாடிக் குடியிருப்பாயின் சங்கத்தின் இசைவும் வேண்டும். பொதுச் சார்ஜிங் நிலையத்தை மட்டும் நம்பினால் யூனிட்டின் விலை ஏறி, மேற்கண்ட சேமிப்பில் பெரும்பங்கு கரைந்துபோகும். வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு வயரும் ஒரு துணை மீட்டரும் கொடுக்க வீட்டுக்காரரோ சங்கமோ மறுப்பதால் டீசலிலேயே தங்கிவிடும் ஒருவரிடம், பேட்டரி தாங்காது என்று சொல்லி அனுப்புவது அவருக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.