மிதித்தால் வரும் கரண்ட்

ராபர்ட் ஃபோர்ஸ்டெமன் ஜெர்மனியின் சைக்கிள் பந்தய வீரர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். 2015இல் அவர் மிதித்த சைக்கிளோடு 700 வாட் டோஸ்டர் ஒன்றை இணைத்தார்கள். ஒரே ஒரு ரொட்டித் துண்டு சிவந்தது. வீரர் தரையில் சரிந்தார். கிடைத்த மின்சாரம் 0.021 யூனிட்.

உடற்பயிற்சி சைக்கிளில் மோட்டாரை மாட்டி கரண்ட் பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. நல்ல தெம்புள்ளவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் சுமார் 100 வாட் தர முடியும். பெல்ட்டிலும் மோட்டாரிலும் பேட்டரியிலும் இழப்பது போக, மிஞ்சுவது 60, 70 வாட்-மணி. இரண்டு மாதம் தினமும் மிதித்தாலும் நாலு யூனிட் தேறுவது கடினம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு அதே இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது.

2009இல் பிபிசி தொலைக்காட்சி ஒரு வீட்டை ஒரு நாள் முழுக்க மிதிசக்தியில் நடத்திக் காட்டியது. அதற்கு ஏறக்குறைய 80 பேர் மிதிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் இதை வீண் வேலை என்று தள்ளிவிட முடியாது. அடுப்பு, ஹீட்டர் போன்றவற்றுக்குத்தான் கால் பலம் போதாது. ஒரு மணி நேர மிதிப்பில் 9 வாட் எல்இடி பல்பு ஏழு மணி நேரம் எரியும். இல்லையென்றால் மூன்று நான்கு செல்போன்களுக்குச் சார்ஜ் ஏறும். அவசர வேளையில் இது சின்ன விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியில் டாக்டரைக் கூப்பிட வழியின்றி மக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் காலால் மிதித்து இயக்கும் ரேடியோவை உருவாக்கினார். அதன் ஜெனரேட்டர் தந்தது 20 வாட் அளவுதான். 1929 முதல் தொலைதூரப் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்த அந்தப் பெட்டிகள், விமானத்தில் வரும் டாக்டரை வீட்டு வாசலுக்கே வரவழைத்தன.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின் டெல்டா கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அங்கே அப்போது 20 வாட்டுக்கு இருந்த மதிப்பைச் சொல்லவே வேண்டாம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கவலை தரும் இடம் சேமிப்புதான். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே டயோடு வேண்டும். இல்லாவிட்டால் மிதிப்பதை நிறுத்தியதும் பேட்டரியே மோட்டாரைச் சுழற்றிக் காலியாகிவிடும். மிதிக்கும் வேகத்துக்குத் தக்கபடி வோல்டேஜ் ஏறி இறங்குவதால் சார்ஜ் கன்ட்ரோலரும் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைக் காலால் நிரப்ப நினைக்க வேண்டாம். அதற்கு 25 மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். அரைகுறைச் சார்ஜிலேயே கிடந்தால் லெட்-ஆசிட் பேட்டரி கெட்டும் போகும். சிறிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போதும்.

கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் சோலார் தகடு வாங்குங்கள். 100 வாட் தகடு நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 0.4 யூனிட் தரும். கடலோரத்தில், புயல் பாதையில் வீடு இருந்தால், அந்தத் தகட்டோடு கூட ஒரு பெடல் ஜெனரேட்டரும் தயாராக இருக்கட்டும்.