விசாரிக்கப்படாதவர் ஒருவர்!

தோழரே,

நீண்ட மேசை. மங்கிய விளக்கொளி. நடுவிலே உயர்ந்ததோர் நாற்காலி, அதிலே ஒருவர். எதிரே மூவர் — படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பல நாள் உறக்கம் இழந்தவர்கள். பழி யார் தலையில் விழுமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நாற்காலியில் இருப்பவர் கேட்கிறார், கேலி பேசுகிறார், குறுக்கே மறிக்கிறார், கடைசியில் கையை நீட்டி, "உன்னை நீக்கிவிட்டேன்!" என்கிறார். நீக்கப்பட்டவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார். வாடகைக் கார் ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு நியூயார்க் நகரத்து இருளிலே மறைகிறது.

இது தொழிற்சாலையிலே நடந்ததன்று, தொலைக்காட்சியிலே நடந்தது. 2004 சனவரியில் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய 'தி அப்ரெண்டிஸ்' என்னும் வணிகப் போட்டியின் காட்சி இது. தொழில் பழகுநர் என்பது அப்பெயரின் பொருள். படைத்தவர் மார்க் பர்னெட். நாற்காலியில் வீற்றிருந்தவர் டொனால்ட் டிரம்ப். போட்டியிட வந்தோர் 16 பேர். எட்டு ஆடவர், எட்டுப் பெண்டிர். முதல் வேலை என்ன தெரியுமோ? நியூயார்க் தெருவிலே எலுமிச்சைச் சாறு விற்பது! ஒவ்வொருவராகக் கழித்துக் கட்டி, எஞ்சிய ஒருவருக்கு ஓராண்டு வேலை. 2,50,000 டாலர் சம்பளம். அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த இறுதிக் காட்சியைக் கண்டவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் பேர்.

"கேளிக்கை நிகழ்ச்சிக்கு ஞாயிறு ஏட்டிலே இத்தனை இடமா?" என்று சிலர் முணுமுணுக்கலாம். அந்த நாற்காலியில் இருந்தவர்தாம் 2016இலும் 2024இலும் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றவர். எனினும் நான் பேச வந்தது அவரைப் பற்றி அன்று. பார்த்தவர்களைப் பற்றி. அவர்கள் என்ன பேசினார்கள், எதைப் பேசாது விட்டார்கள் என்பதைப் பற்றி.

பேசினார்கள் தோழரே, ஓயாது பேசினார்கள்! யார் திறமைசாலி, யார் சோம்பேறி, யார் சூழ்ச்சிக்காரர் என்று ஓர் ஊர்ப் பஞ்சாயத்தே நடத்தினார்கள். முதற் போட்டியிலே ஒமரோசா என்னும் பெண்மணி அவர்களுடைய வெறுப்புக்கெல்லாம் இலக்கானார். (அவரே 2017இல் வெள்ளை மாளிகையில் பதவி பெற்று, அவ்வாண்டு முடிவதற்குள் அதையும் இழந்தார் என்பது தனிக் கதை.) இறுதியில் நின்றவர்கள் இருவர்: பில் ரான்சிக், குவாமே ஜாக்சன். ஜாக்சன் கறுப்பினத்தவர், ஹார்வர்டிலே வணிக மேலாண்மை பயின்றவர். இறுதி வேலையில் அவருக்குத் துணையாக நின்றோருள் ஒமரோசாவும் ஒருவர். அவரால் தொல்லைகள் விளைந்தன. ஜாக்சன் தோற்றார்.

பார்த்தவர்கள் ஜாக்சன் மீது சாற்றிய குற்றம் என்ன? நேர்மை தவறினார் என்பதா? கணக்கிலே பிழை செய்தார் என்பதா? இல்லை! "அந்தப் பெண்ணை அப்பொழுதே நீக்கியிருக்க வேண்டாமா? நீக்கத் தெரியாதவர் எப்படி நிருவாகி ஆவார்?" என்பதே பெரிய குற்றச்சாட்டு. நீக்கும் அதிகாரம் தமக்கு உண்டென்றே தாம் அறியவில்லை என்று அவர் பிறகு சொன்னார். அதைச் செவிமடுத்தோர் சிலரே. எண்ணிப் பாருங்கள். காலையிலே எழுந்து, இன்று நமக்கு வேலை இருக்குமோ இராதோ என்ற ஐயத்துடன் பணிக்குச் செல்கிறவன், மாலையிலே வீட்டுக்கு வந்து, நீக்கத் தயங்கியவனைக் கோழை என்கிறான்!

அடுத்த ஆண்டில் நடந்ததையும் கேளுங்கள். 2005 டிசம்பரில், நான்காம் போட்டியின் இறுதியிலே ராண்டல் பிங்கெட் வெற்றி பெற்றார். அவரும் கறுப்பினத்தவர், எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். வெற்றியை அறிவித்த கையோடு டிரம்ப் அவரிடமே, தோற்ற வெள்ளையினப் பெண்மணிக்கும் வேலை தரலாமா என்று கேட்டார். இதற்கு முன் வென்ற மூவரில் எவரிடமும் கேட்காத கேள்வி! வெற்றி ஒருவருக்கே உரியது என்று பிங்கெட் மறுத்துவிட்டார். உடனே பார்த்தவர்கள் இரு கூறாகப் பிரிந்தார்கள். "என்ன கருமித்தனம்! வென்றவனுக்குத் தாராள மனம் வேண்டாமா?" என்றனர் பலர். "முன்பு வென்ற வெள்ளையரிடம் பங்கு கேட்டதுண்டா?" என்றனர் வேறு சிலர். இந்த இரண்டாவது குரலை நான் போற்றுகிறேன். மேசைக்கு இப்பாலிருந்து அப்பால் நோக்கிக் கைகாட்டிய அரிய குரல் அது. ஆயினும் ஊரெல்லாம் ஒலித்த விவாதம், பிங்கெட் செய்தது சரியா என்பது. டிரம்ப் கேட்டது சரியா என்பதன்று.

அவர்களை மூடர் என்று ஏசுவது எளிது. நம்மவரிலே சிலரும் அப்படி ஏசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதிலே உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவிலே ஒரு சட்ட மரபு உண்டு. முதலாளி தன் விருப்பப்படி, காரணம் கூறாமலே, தொழிலாளியை நீக்கலாம். இனம், மதம், பால் கருதி நீக்கலாகாது என்பன போன்ற தடைகள் உண்டு. சங்க ஒப்பந்தம் உள்ள இடத்திலே காப்பு உண்டு. ஆனால் 2004இல் தனியார் துறையில் சங்கத்தில் இருந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவே! ஐம்பது மாநிலங்களிலே மான்டானா ஒன்றுதான், 1987இல் சட்டம் இயற்றி, தக்க காரணமின்றி நீக்கலாகாது என்று பொதுவிதி வகுத்தது. மற்ற இடங்களிலே ஒரு காகிதம் வரும். மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான். "ஏன் ஐயா?" என்று கேட்டால் விடை சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

அத்தகைய வாழ்விலே கிடப்பவன் தொலைக்காட்சியிலே என்ன காண்கிறான்? முதலாளி நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறார். குற்றம் இன்னது என்று சொல்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் வாதாட இடம் தருகிறார். இரு தரப்பையும் கேட்டபின் காரணத்தோடு தீர்ப்பளிக்கிறார். தன் வாழ்நாளில் தனக்குக் கிட்டாத வழக்குமன்றம் அங்கே நடக்கக் காண்கிறான்! நீக்கியதை அல்ல, காரணம் சொல்லி நீக்கியதையே அவன் சுவைத்தான் என்பது என் கணிப்பு. நீதிக்கு ஏங்கியவனை மூடன் என்பதா?

அந்தோ, அந்த மன்றமும் அட்டை மன்றம்! டிரம்ப் கோபுரத்துள் படப்பிடிப்புக்கென்றே கட்டிய அரங்கம் அது. அந்நிகழ்ச்சியின் படத்தொகுப்பிலே பணியாற்றிய ஜோனதன் பிரான் பின்னாளில் 'நியூயார்க்கர்' ஏட்டுக்குச் சொன்ன செய்தி இதனினும் கொடியது. யார் நன்றாக உழைத்தார் என்றே அறியாமல் டிரம்ப் வந்து அமர்வதுண்டாம். நன்கு உழைத்தவரையே மனம்போன போக்கில் நீக்குவதும் உண்டாம். பிறகு தொகுப்பாளர்கள் பல நூறு மணி நேரப் படச்சுருளைத் துருவி, நீக்கப்பட்டவர் எங்கோ தடுமாறிய நொடிகளைப் பொறுக்கி எடுத்துக் கோத்து, தீர்ப்புக்கு ஏற்றபடி குற்றத்தை உண்டாக்குவார்களாம்! தீர்ப்பு முதலில், குற்றம் பின்னால். வீட்டிலே அமர்ந்தவனோ, "பார்த்தாயா, நான் நினைத்தபடியே நீக்கினார்!" என்று தொடை தட்டினான்.

நாற்காலியின் கணக்கையும் பார்ப்போம். எலுமிச்சைச் சாறு விற்றதிலே குறைந்த இலாபம் ஈட்டியவர்களைக் குறுக்கு விசாரணை செய்த அவரது சூதாட்ட விடுதி நிறுவனம், 2004 நவம்பரில், ஏறத்தாழ 180 கோடி டாலர் கடன் சுமையுடன், திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறியது. இரண்டாம் போட்டி ஒளிபரப்பாகிக் கொண்டிருந்த வேளை அது! ஏடுகளிலே செய்தி வந்தது, மறைத்தாரில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் அதே நாற்காலி, அதே விரல், அதே கட்டளை. நீக்கப்படுவோரின் தவறுகளை விரல்விட்டு எண்ணிய பார்வையாளர்களுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் கணக்காகவே தோன்றவில்லை.

பிரிட்டனிலும் இது பரவிற்று. 2005 முதல் பி.பி.சி.யிலே ஆலன் சுகர் அந்நாற்காலியில் அமர்ந்தார். 2009இல் தொழிற்கட்சியின் பிரதமர் கார்டன் பிரௌன் அவரை மேலவைக்கு அழைத்து, தொழில் முனைவுக்கு ஆலோசகராகவும் ஆக்கினார். தொழிலாளர் பெயரால் அமைந்த கட்சிக்கும் அந்த நாற்காலியின் மீது ஆசை வந்ததே!

வாக்குக் கேட்டு வீடு வீடாய் ஏறி இறங்கும் தோழரே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். திண்ணையிலே அமர்ந்து ஒருவர், "நாட்டை ஆள ஒரு கண்டிப்பான முதலாளி வேண்டும்" என்று சொன்னால், சினந்து எழுந்துவிடாதீர்கள். அவரை யார், எப்போது, காரணமின்றித் தள்ளினார்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்.பி.சி.யிலே இந்நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜான் மில்லர். மாபெரும் வெற்றி பெற்ற வணிகர் என்று டிரம்ப்பைக் காட்டியது தாங்கள் ஊதிப் பெருக்கிய கதை என்றும், உண்மையிலேயே பெருநிறுவனம் நடத்துவோருக்கு இத்தகைய நிகழ்ச்சிக்கு நேரமே இராது என்றும் எழுதி, அமெரிக்க மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டது 2024 அக்டோபரில் — முதற் காட்சி ஒளிபரப்பாகி இருபது ஆண்டுகள் கழித்து. மூன்று வாரம் சென்று, நவம்பர் 5ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது.