தாலாட்டுக்குப் பின் சாத்தப்படும் கதவு

திருமலையில் நாள்தோறும் இறுதியாக நிகழ்வது ஏகாந்த சேவை. போக ஸ்ரீநிவாசமூர்த்தியைக் கட்டிலில் சயனிக்கச் செய்கின்றனர். பால் நிவேதனமாகிறது. அன்னமாச்சாரியாரின் வழித்தோன்றல் ஒருவர் தாலாட்டு இசைக்கிறார். பின்னர்க் கதவு சாத்தப்படுகிறது. மதுரையில் சொக்கநாதரின் பாதுகைகள் அன்னையின் பள்ளியறைக்கு எழுந்தருளும் இரவுப் பூஜையும் இவ்வண்ணமே நிறைவுறும். விடியும்வரை கட்டிலை ஆட்டிக்கொண்டு எந்த அர்ச்சகரும் நிற்பதில்லை.

இதைப் பலமுறை சேவித்த பாட்டிமார்களும், பேரக்குழந்தை கண் விழித்திருக்கையிலேயே மருமகள் அதைத் தொட்டிலில் கிடத்திவிட்டு விலகுவதைக் கண்டால் பதறிப்போகின்றனர். "பெற்றவளுக்கு இவ்வளவு கல் நெஞ்சா?" என்ற சொல் வாய்வரை வந்துவிடுகிறது. அந்த மருமகளோ இரவில் நான்கைந்து முறை எழுந்து தூளி ஆட்டியவள். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, மறுநாள் காலை அலுவலகம் செல்ல வேண்டியவள். ஒரே கூரையின்கீழ் இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

தாலாட்டைக் கைவிடுமாறு எவரும் கேட்கவில்லை. பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். குலசேகராழ்வாரோ, பிள்ளையைப் பெற்றும் தாலாட்டும் பேறு வாய்க்காத தேவகியின் புலம்பலையே ஒரு திருமொழியாக்கினார். அப்பேறு இன்றைய பாட்டிக்குக் கிடைத்திருக்கிறது. பாட்டு எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வி.

பச்சிளங்குழந்தையின் உறக்கம் ஒரே நீட்சியானது அன்று. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலோட்டமாகி, குழந்தை சற்றே விழித்து மீண்டும் அயரும். மடியிலேயே உறங்கிப் பழகிய குழந்தை, அவ்வாறு விழிக்கும்போது மடியைத் தேடி அழுகிறது. தொட்டிலில் கண்ணயரப் பழகிய குழந்தைக்கோ விழிக்கையில் எதுவும் மாறியிருப்பதில்லை. சற்றுப் புரண்டு தானே அயர்ந்துவிடுகிறது. ஆதலால் பாட்டு முடிந்து, கண்கள் செருகத் தொடங்கி, உறக்கம் முற்றாகப் பற்றுவதற்குமுன் கிடத்துவதே முறை.

இதற்குப் பருவமுண்டு. முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடே தெளிவாக அமைவதில்லை. அழுதால் எடுக்க வேண்டும், பசித்தால் பால் கொடுக்க வேண்டும். அப்போது பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு முதல் ஆறு மாதங்களுக்குப் பிறகே இது பொருந்தும். அப்போதும் பசிக்கு எழும் குழந்தைக்குப் பால் மறுத்தல் ஆகாது.

அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு ஃபெர்பர் 1985-இல் வெளியிட்ட நூலில் கூறும் வழியும் அழவிட்டு ஓடிவிடுவதன்று. சிறிது நேரம் பொறுத்து, அருகில் சென்று தட்டிக்கொடுத்து, மீண்டும் விலகி, அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுவதே அது. இத்தகைய முறைகளால் குழந்தையின் மனம் புண்படுமோ என்ற அச்சம் இயல்பானதே. ஏழு மாதக் குழந்தைகளிடமிருந்து தொடங்கிய ஆஸ்திரேலிய ஆய்வொன்று, அவர்களின் ஆறாம் வயதில் எந்தத் தீங்கையும் காணவில்லை; அது 2012-இல் வெளியாயிற்று. உண்மையில் குழந்தையைக் குழப்புவது வேறொன்று: தாய் பத்து நிமிடம் பொறுத்திருக்கையில் பாட்டி ஓடிச்சென்று தூக்கிவிடுவது. இன்னும் சற்று அழுதால் மடி கிட்டும் என்பதையே குழந்தை அன்று கற்கிறது.

தனியே அயர்தல் என்பது தனியறையில் கிடத்தலும் அன்று. முதல் ஆறு மாதங்களேனும் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப்படுக்கையில், குழந்தை உறங்குவது நல்லதென அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கூறுகிறது. மல்லாந்த நிலை, சமமான கெட்டியான படுக்கை. தலையணையோ தளர்ந்த போர்வையோ கூடாது. தலை உருண்டையாக அமையட்டும் என்று அன்போடு தைத்த கடுகுத் தலையணையும் உறங்கும் குழந்தையின் படுக்கைக்கு ஆகாது. வளைந்து தொய்யும் புடவைத் தூளியில் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சு தடைப்படக்கூடும். இரவு முழுதும் அதில் விடுதல் தகாது. சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் அறைக்குக் கொண்டுசெல்லாதிருத்தலும் நன்று.

அந்தி விளக்கேற்றியபின் வெந்நீரில் உடல் துடைத்தல், பால், மங்கிய ஒளி, தினமும் அதே பாட்டு என்னும் வரிசை நாள்தோறும் பிறழாதிருப்பின் குழந்தையின் உடலே நேரத்தை உணரும். அதில் பாட்டுப் பகுதி முழுவதும் பாட்டியின் உரிமையாக இருக்கலாம். மருமகளுக்கும் அந்த அரைமணி ஓய்வு கிட்டும். காய்ச்சல் கண்டாலோ, குடமுழுக்குக்கு ஊர் சென்று திரும்பினாலோ வரிசை கலையும். அந்நாட்களில் தாராளமாக மடியிலேயே உறங்கட்டும். உடல் தேறியபின் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கினால், சில இரவுகளில் பழைய நிலைக்கு வந்துவிடும்.