இந்து ஃபிலிமும் டிஜிட்டல் கேமராவும்

ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஞாபகமிருக்குங்களா? 1967ல உற்பத்தி ஆரம்பிச்ச அரசு ஆலை. 'இந்து' ஃபிலிம் அவங்களோடதுதான். ஈரோட்டுல ஸ்டுடியோ வெச்சிருந்த எங்க மாமா, "அப்பவே டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருந்தா பொழச்சிருப்பாங்க"ம்பாரு.

எனக்கென்னவோ அது சரியாப் படலீங்க. லைக்கா 2006ல எம்8 கொண்டு வந்தப்ப லென்சும் ரேஞ்ச்ஃபைண்டரும் பழசேதான். ஃபிலிம் இருந்த எடத்துல சென்சார், அவ்வளவுதான். (கருப்புத் துணியெல்லாம் ஊதாவாத் தெரிஞ்சு, அப்புறம் ஃபில்டர் குடுத்தாங்கங்கிறது தனிக்கதை.) ஆனா ஊட்டிக்காரங்க கையில இருந்ததே அந்த ஃபிலிம்தானுங்களே! கேமராவுக்கு எங்க போவாங்க?

ஃபியூஜியப் பாருங்க. ஃபிலிம் செஞ்ச அனுபவத்தை வெச்சே எல்சிடி திரைக்கு வேண்டிய மெல்லிசு ஃபிலிமுக்குப் போயிட்டாங்க. நம்மாளுங்களும் அந்தப் பக்கம் முயற்சி பண்ணியிருந்தா, விருப்ப ஓய்வுல வெளிய வந்தவங்கள்ல கொஞ்சப் பேராவது வேலையில இருந்திருப்பாங்கன்னு தோணுது. மாமா இன்னும் ஒத்துக்கலீங்க.