முதல் மூன்று மாதத்தில் இரும்பு மாத்திரை... ஆபத்தா, அவசரமில்லையா?

"நாள் தள்ளிப்போயிருக்கு சிஸ்டர், இரும்பு மாத்திரை இப்பவே போடலாமா?" திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி என்று காரைக்கால் பக்கம் எந்த சுகாதார நிலையத்திலும் காதில் விழக்கூடிய கேள்வி. "நாலாவது மாசத்துல தர்றோம்" என்று பதில் வந்தால், 'கருவுக்கு ஆகாது போல' என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. வீட்டில் அத்தை இன்னும் ஒருபடி மேலே போய், "அதைப் போட்டா குழந்தை கறுப்பா பொறக்கும்" என்பார்.

இரண்டுமே உண்மையில்லை. முதல் மூன்று மாதம் மாதவிடாய் இல்லை, கருவும் சிறியது. அதனால் கூடுதல் இரும்பு அவ்வளவாகத் தேவைப்படாது. போதாக்குறைக்கு மசக்கை வேறு. குமட்டலைக் கூட்டும் மாத்திரையை அப்போது தந்தால், பிறகு மாத்திரை என்றாலே வெறுத்துவிடும். உலக சுகாதார நிறுவனமோ, தினமும் 30 முதல் 60 மி.கி. இரும்பை முடிந்தவரை சீக்கிரமே தொடங்கச் சொல்கிறது. நம் நாட்டில் 2018-ல் வந்த 'அனீமியா முக்த் பாரத்' திட்டப்படி நான்காவது மாதம் முதல் 180 நாள், தினம் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள்.

ஆரம்பத்தில் அவசரம் ஃபோலிக் அமிலத்துக்குத்தான், தினமும் 400 மைக்ரோகிராம். மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக்குழாய், கரு உருவான சுமார் 28 நாளில் மூடிவிடும். (இந்தச் சத்தின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தவர். ஈஸ்ட் சாறு ஒருவகை ரத்தசோகையைக் குணமாக்குகிறது என்று 1931-ல் எழுதினார். சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிறகுதான் தெரிந்தது.)

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் கதை வேறு. நான்காவது மாதம்வரை காத்திருக்க வேண்டாம், டாக்டர் முன்பே மாத்திரை எழுதித் தரலாம். நரம்பில் ஏற்றும் இரும்பு மட்டும் முதல் மூன்று மாதத்தில் கிடையாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்தசோகை. கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரலாம். பயப்பட வேண்டியது முதல் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்குத்தான்.

புகுந்த வீடு காரைக்கால், அம்மா வீடு நாகப்பட்டினமோ மயிலாடுதுறையோ என்றால் எல்லை தாண்டியதும் ஆஸ்பத்திரி மாறும். தனியாரில் எழுதித் தரும் சத்து மாத்திரையிலும் இரும்பு இருக்கலாம். அரசு மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும். போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். குடும்பத்தில் தலசீமியா இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம், மாத்திரையால்தான். டீ, காபியோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். காரைக்கால் அம்மையார் அடியாருக்குப் படைத்த தயிர்சோறு, மாம்பழம் இரண்டில், இந்த மாத்திரைக்குத் தோது மாம்பழம்தான். தயிரின் கால்சியம் இரும்பு சேர்வதைக் குறைக்கும், பழத்தின் வைட்டமின் சி உதவும்.

மாத்திரை எப்போதும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிவப்பு மிட்டாய் மாதிரி இருப்பதால் மூத்த பிள்ளை எடுத்து விழுங்கலாம். சிறு குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்துவிட்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.