தோட்டத்தில் ஒழியாத அருகு, மைதானத்தில் ஏன் நிற்கவில்லை?

கோவை,

2019-ம் ஆண்டு மார்ச் 9-ந்தேதி. கோவை நேரு ஸ்டேடியத்தில் 'சென்னை சிட்டி' கால்பந்து அணி, மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து ஐ-லீக் கோப்பையைத் தட்டிச் சென்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி. அடுத்து வந்த கல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையை வாங்கியது அதுதான் முதல் தடவை.

பேரு சென்னை. ஆடின மண் கோவை.

அதற்கும் முன்னால், 1978-ல் பெடரேஷன் கோப்பைப் போட்டியே இந்த ஊரில்தான் நடந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் சமமாக ஆடி கோப்பையைப் பங்கு போட்டுக் கொண்டன.

அப்பேர்ப்பட்ட ஊரில், இன்றைக்கு ஒரு சாதாரண வீட்டுப் பையன் புல்தரையில் பந்து ஆட வேண்டுமானால் எங்கே போவான்?

இரண்டு வழி

காசு இருக்கிற பையனுக்குக் கவலை இல்லை. பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் வலை கட்டி, பிளாஸ்டிக் புல் விரித்த 'டர்ப்' மைதானங்கள் வந்தாச்சு. மணிக் கணக்கில் வாடகை. பத்து பேர் பங்கு போட்டால் ஆடலாம்.

காசு இல்லாத பையன் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறான். மாசி, பங்குனியில் எந்த மைதானத்தையும் எட்டிப் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் பச்சை இருக்கும். நடுவிலும் கோல் கம்பத்துக்கு முன்னாலும் மொட்டை! விழுந்தால் முழங்கால் தோல் போச்சு. வெறுங்காலில் ஓடினால் நெருஞ்சி முள். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தரையில் பையன் பந்தை நிறுத்தக் கற்றுக் கொள்வது எப்படி?

விவசாயிக்குத் தெரியும்

இதில் ஒரு வேடிக்கை. கால்பந்து மைதானத்துக்கு ஏற்ற புல் நம் அருகம்புல் ஜாதிதான். 'பெர்முடா' என்று இங்கிலீஷ் பேர் வைத்து வெளிநாட்டு மைதானங்களிலும் இதைத்தான் நடுகிறார்கள்.

சூலூர், அன்னூர் பக்கம் எந்த விவசாயியையும் கேளுங்கள். தோட்டத்தில் அருகு புகுந்தால் ஒழிக்க முடியாமல் தலையில் அடித்துக் கொள்வார். உழுதால் துண்டாகும், ஒவ்வொரு துண்டும் மறுபடி முளைக்கும்.

தோட்டத்தில் சாகாத புல், மைதானத்தில் மட்டும் ஏன் சாகிறது? மூன்று காரணம்: ஓய்வு இல்லை, தண்ணீர் இல்லை, பார்த்துக் கொள்ள ஆள் இல்லை.

38 மணி நேரம்

ஒரு புல் மைதானம் வாரத்துக்கு சுமார் 20 மணி நேர ஆட்டம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில்? காலை 6 முதல் 9, மாலை 4 முதல் ஆறரை. நாளைக்கு ஐந்தரை மணி. வாரத்துக்கு 38 மணிக்கு மேல். மிதி பட்டு மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிப் போகுது. வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது.

போதாததற்குப் பொருட்காட்சி, பொதுக்கூட்டம். பந்தல் காலுக்குக் குழி, சாமான் லாரியின் சக்கரத் தடம். வாடகைப் பணம் வருது. அதில் புல்லுக்கு எத்தனை ரூபாய் போகுது?

மூன்று லாரி தண்ணீர்

முழு அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஒன்றே முக்கால் ஏக்கர். கோடையில் நாளைக்கு 5 மில்லி மீட்டர் அளவு தண்ணீர் விட வேண்டுமானால், சுமார் 36 ஆயிரம் லிட்டர் ஆகும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் மூன்று நடை!

வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊரில், குடிதண்ணீரைப் புல்லுக்கு விடு என்று யாரும் கேட்க முடியாது. கேட்கவும் வேண்டாம். உக்கடத்தில் நாளைக்கு 7 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் அளவுக்கு நிலையம் கட்டியாச்சு. பத்து மைதானத்துக்கு ஊற்றினாலும் அதில் 200-ல் ஒரு பங்குதான். பிள்ளைகள் விழுந்து புரளும் இடம் என்பதால் கிருமி நீக்கி, ராத்திரியில் பாய்ச்சினால் போதும்.

பிளாஸ்டிக் போடலாமே?

போடலாம். தண்ணீர் மிச்சம்; மழையிலும் ஆடலாம். ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் அதன் மேல் கால் வைத்துப் பாருங்கள், தெரியும் சூடு! எட்டுப் பத்து வருஷத்தில் தேய்ந்து போகும். மறுபடி லட்சக் கணக்கில் செலவு. 2026 உலகக் கோப்பைக்கு 16 மைதானங்களிலும் இயற்கைப் புல்தான் வேண்டும் என்று சர்வதேசக் கால்பந்து சம்மேளனமே விதி போட்டது.

செய்ய வேண்டியது

மைதானத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஆட்டம், மறுபாதிக்கு ஓய்வு என்று முறை வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழு மைதானம் தேவையே இல்லை. நகர்த்தும் கோல் கம்பம் வைத்து மாதம் ஒரு முறை இடம் மாற்றினால் ஒரே இடம் மொட்டை ஆகாது.

வருஷம் இரண்டு தடவை மூன்று, நான்கு அங்குல ஆழத்துக்கு வரிசையாகத் துளை போட்டு, சலித்த மணலைத் தூவ வேண்டும். புல்லை வெட்டும்போது, இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மைதானத்தை வாடகைக்கு எடுப்பவரிடம் முன்பணம் வாங்கி, புல் கெட்டால் அதில் பிடித்துக் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கென்று சம்பளத்துக்கு ஒரு ஆள். காம்பவுண்டு சுவருக்கும் கேலரிக்கும் டெண்டர் விடுகிறார்கள். புல்லுக்கு ஒரு தோட்டக்காரரை நியமிக்க மட்டும் கை வருவதில்லை. கேலரிக்குக் கல்வெட்டு வைக்கலாம். தோட்டக்காரருக்கு வைக்க முடியாது அல்லவா?

கோவைக்கு வருஷ மழையில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசியில் அருகம்புல் துண்டுகளை நட்டால் பாதித் தண்ணீரை வானமே ஊற்றி விடும். இரண்டு மூன்று மாதம் பூட்டி வைத்தால் தை பிறக்கும்போது பிள்ளைகள் பச்சையில் ஆடலாம்.

அந்த இரண்டு மூன்று மாதம் பூட்டைத் திறக்காமல் இருக்க வேண்டும். விழா, கூட்டம் என்று சிபாரிசு வந்தால், சாவி வைத்திருக்கிற அதிகாரி முடியாது என்று சொல்வாரா? அதில்தான் இருக்கிறது எல்லாம்.