அரண் யாருக்கு?

2025 மே 7ஆம் தேதி மாலை, காக்களூர்த் தொழிற்பேட்டை அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். அன்று அதிகாலையில்தான் ‘ஆபரேஷன் சிந்தூர்’ தொடங்கியிருந்தது. நாடெங்கும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைகள் நடத்த மத்திய அரசு பணித்திருந்தது. தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் அவை நடந்தன. பகல் ஷிப்ட் முடிந்து வந்த லேத் தொழிலாளி ஒருவர், கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: “சார், அவங்க குண்டு இங்க வருமா?” நான் வாய் திறக்குமுன் கடைக்காரர் முந்திக்கொண்டார்: “அதெல்லாம் வழியிலேயே அடிச்சிடுவாங்கப்பா. நம்மகிட்ட எஸ்-400 இருக்குல்ல.”

கேட்டவர் நிம்மதியடைந்தார். நான் அடையவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எல்லையிலிருந்து வெகுதொலைவில் இருக்கிறோம் என்ற எண்ணம் நமக்குப் பழக்கமானது. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அந்தப் பீதியின் மிச்சமாக நமக்கு வாய்த்தது ஒரு வசைச்சொல் மட்டுமே. சாமர்த்தியசாலியை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம். ஆனால் பாகிஸ்தான் 2015இல் சோதித்த ஷாகீன்-3 ஏவுகணையின் வீச்சு 2750 கிலோமீட்டர் என்று அந்நாடே அறிவித்திருக்கிறது. அந்தக் கணக்கில் சென்னையும் தப்பாது. பீரங்கி வண்டிகள் செய்யும் ஆவடியும், அங்கிருந்து மின்சார ரயிலில் அரைமணித் தொலைவிலுள்ள காக்களூரும் தப்பா. அப்படியொன்று புறப்பட்டால் இங்கு வந்துசேரக் கால் மணி நேரம் போதும். தில்லிக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆகவே அந்தத் தொழிலாளியின் கேள்வி அசட்டுக் கேள்வியல்ல.

கடைக்காரரின் பதிலிலும் உண்மை இல்லாமல் இல்லை. 2006 நவம்பர் 27 அன்று ஒரிசாக் கடற்கரையில் நம் விஞ்ஞானிகள் ஒரு பிருத்வி ஏவுகணையைப் பகைவனின் ஏவுகணையாகப் பாவித்து ஏவி, அதை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு ஏவுகணையால் தாக்கி அழித்தார்கள். 2007 டிசம்பரில் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் மற்றொரு வெற்றி. மேலே தவறினால் கீழே பிடிப்பது என்ற ஈரடுக்குத் திட்டம் அது. 2024 ஜூலையில் நடந்த சோதனைக்குப் பின், 5000 கிலோமீட்டர் வீச்சுள்ள ஏவுகணைகளையும் எதிர்கொள்ளும் திறன் வந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ரஷ்யாவுடன் 2018இல் ஒப்பந்தமான எஸ்-400, 2021 இறுதியிலிருந்து வந்து சேரத் தொடங்கியது. 2025 மே 8 இரவு முப்பத்தாறு இடங்களில் முந்நூறு முதல் நானூறு டிரோன்கள் வந்தன என்று அரசு சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை சேதம் விளைக்கவில்லை. இது பெருமைப்படத்தக்க சாதனையே. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டிரோனையும் சாதாரண வெடிகுண்டு ஏவுகணையையும் தடுப்பதற்கு ஒரு கணக்கு. அணுகுண்டைத் தடுப்பதற்கு முற்றிலும் வேறொரு கணக்கு. நூறு வந்து தொண்ணூறு தடுக்கப்பட்டால் முதற்கணக்கில் அது வெற்றி. இரண்டாவது கணக்கில் பத்து நகரங்கள் இல்லை. உலகிலேயே மிகத் தேர்ந்த தடுப்பமைப்பு கொண்டதாகக் கருதப்படும் இஸ்ரேலில், 2025 ஜூனில் ஈரானின் ஏவுகணைகள் சில ஊடுருவி விழுந்து உயிர்களைக் குடித்தன. அவை அணுகுண்டுகள் அல்ல. அதனால்தான் அந்த நாடு அதைத் தாங்கிக்கொண்டது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி பாகிஸ்தானிடம் சுமார் 170 அணுகுண்டுகள், நம்மிடம் சுமார் 180. இந்த எண்களுக்கு முன்னால் ‘பெரும்பாலும் தடுத்துவிடுவோம்’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. அதை நமக்கு முதலில் சுட்டிக்காட்டியவர் வள்ளுவர் என்றே நினைக்கிறேன். ‘அரண்’ அதிகாரத்தின் முதற்குறளை எடுத்துப் பாருங்கள். அஞ்சி உள்ளே ஒடுங்குபவனுக்குக் கோட்டை துணை என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். வள்ளுவர் அதற்கு முன்பாகவே, படையெடுத்துச் செல்பவனுக்கும் கோட்டை துணை என்கிறார். முதுகுப்புறம் பத்திரமாக இருக்கிறது என்ற துணிவு இருப்பவன்தான் முன்னே பாய்வான். எனவே ஒருவன் மதில் எழுப்பும்போது அண்டை வீட்டான் கேட்பது ஒரே கேள்விதான்: இவன் ஒளிந்துகொள்ளக் கட்டுகிறானா, பாய்வதற்குக் கட்டுகிறானா?

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1972இல் தடுப்பு ஏவுகணைகளுக்கே வரம்பு விதித்து ஒப்பந்தம் செய்துகொண்டதன் அடிப்படை இதுதான். வாளுக்கு வரம்பு விதிப்பது புரிகிறது, கேடயத்துக்கு ஏன் என்று பலர் வியந்தார்கள். கேடயம் வளர்ந்தால் எதிரி இன்னும் நிறைய வாள் செய்வான் என்பதே விடை. 2002இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. நம் பக்கத்திலும் அதே நாடகம் நடந்தேறியது. 2017 ஜனவரியில் பாகிஸ்தான் ‘அபாபீல்’ என்ற ஏவுகணையைச் சோதித்தது. ஒரே ஏவுகணை பல குண்டுகளைச் சுமந்து சென்று வெவ்வேறு இடங்களில் போடும் ஏற்பாடு அது. வட்டாரத்தில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்பமைப்பை மீறித் தம் ஏவுகணைகள் பிழைத்திருப்பதற்காகவே இது என்று அந்நாட்டு ராணுவம் வெளிப்படையாகவே அறிவித்தது. நம் கேடயத்துக்கு அவர்கள் எழுதிய பதில் அது. 2024 மார்ச்சில் நாமும் அக்னி-5இல் அதே பல்குண்டு நுட்பத்தைச் சோதித்தோம்.

2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் ‘சுதர்சன சக்கரம்’ என்ற திட்டத்தை அறிவித்தார். 2035க்குள் நாட்டின் முக்கிய இடங்களுக்கெல்லாம் பாதுகாப்புக் கவசம் என்பது இலக்கு. பகைவனின் தாக்குதலைத் தடுப்பதோடு பன்மடங்கு திருப்பித் தாக்கவும் செய்யும் என்றும் சொன்னார். பெயர் பொருத்தமானதுதான். திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போய்வருகிறவர்களுக்குச் சக்கரம் கேடயமல்ல, ஆயுதம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அண்டை நாட்டாருக்கும் அது தெரியும்.

காக்களூர் இருப்பது பழைய தொண்டை நாட்டில். இந்த நாட்டை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானுக்காக ஔவை தூது சென்ற கதையை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையோடு காட்ட, இங்குள்ளவை நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை பாடியதாகப் புறநானூறு சொல்கிறது. இதை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்தோம். இன்று படிக்கும்போது எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. போருக்கு ஆயத்தமாக இருந்த இரண்டு அரசர்களுக்கிடையே, ஒருவனது ஆயுதச்சாலைக்குள்ளேயே, மற்றவனின் தூதர் நின்று பேச முடிந்திருக்கிறது. யாரிடம் எத்தனை வேல் என்பதைவிட, நடுவே ஒருத்தி போய்வர வழியிருந்தது என்பதே இருவருக்கும் அரணாக இருந்தது.

அப்படி ஒரு வழி நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே இன்னும் முழுதாக அடைபடவில்லை. அதைப் பற்றி யாரும் முழங்குவதில்லை என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் 1988 டிசம்பர் 31இல் கையெழுத்தானது. அதன்படி 1992இலிருந்து ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிந்தைய 2000 ஜனவரியிலும், மும்பைத் தாக்குதல் முடிந்து ஐந்து வாரம்கூட ஆகாத 2009 ஜனவரியிலும் பட்டியல் கைமாறியது. 2005 அக்டோபரில், பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையைக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே மற்றவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் வந்தது. ஆனால் விமானம்போலத் தாழப் பறக்கும் க்ரூஸ் ஏவுகணைகள் அதில் சேர்க்கப்படவில்லை.

அந்தக் கவலை ஏட்டளவில் நிற்கவில்லை. 2022 மார்ச் 9 மாலை, நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பறந்து மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. இரண்டு நாள் கழித்தே நம் அரசு அது தவறு என்று வருத்தம் தெரிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்தச் சில நிமிடங்களில் எந்தக் கவசமும் யாரையும் காக்கவில்லை. எதிர்ப்புறத்தில் ஒருவரும் அவசரப்படவில்லை என்பதால் பிழைத்தோம். அதே தவறு 2025 மே 9 இரவு நேர்ந்திருந்தால்?

“பாகிஸ்தானை நம்பச் சொல்கிறீர்களா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. 1999 பிப்ரவரியில் லாகூரில் கைகுலுக்கிய சில மாதங்களில் கார்கில் வந்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் இருபத்தாறு பேர் கொல்லப்பட்டதை மறக்கச் சொல்ல நான் யார்? ஆனால் நம்பிக்கை இருக்கும் இடத்தில் ஒப்பந்தம் எதற்கு? கடன் பத்திரம் எழுதுவது நம்பாதவர்களுக்கிடையில்தான். பட்டியல் மாற்றிக்கொள்வதும் முன்கூட்டிச் சொல்வதும் நட்பின் அடையாளங்களல்ல. பகைவர்கள் தற்செயலாகச் செத்துப்போகாமலிருக்கும் ஏற்பாடுகள். 2025 மே 10 பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைவர் நம் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஐந்து மணிக்குச் சுடுவது நிறுத்தப்பட்டது. அந்த நான்கு நாட்களில் வானத்தில் நம் கவசம் நன்றாகவே வேலை செய்தது. பூஞ்சில் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையான எளிய மனிதர்களுக்கு அது எட்டவில்லை. எட்டியது அந்தத் தொலைபேசி அழைப்பு.

ஆகவே கவசம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். டிரோனுக்கும் சாதாரண ஏவுகணைக்கும் எதிராக அது வேண்டும். விமானதளங்களையும் கட்டளை நிலையங்களையும் காக்க வேண்டும். ஆனால் அணுகுண்டிலிருந்து நகரங்களையே காத்துவிடும் என்று மக்களிடம் சொல்லாதீர்கள். அந்த நம்பிக்கை வேரூன்றினால், அடுத்த நெருக்கடியில் ‘இன்னும் ஒரு படி மேலே போகலாம்’ என்று தொலைக்காட்சிகளும் பொதுமக்களும் அரசை நெருக்குவது எளிதாகிவிடும். கவசத்துக்குச் செலவிடும் அக்கறையில் சிறு பங்கை 2005 ஒப்பந்தத்தில் க்ரூஸ் ஏவுகணைகளையும் சேர்ப்பதற்குச் செலவிடட்டும். அதற்குத் தொழில்நுட்பம் வேண்டாம். காகிதமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அந்தத் தேநீர்க் கடைக்கு இப்போதும் போகிறேன். மீண்டும் அந்தத் தொழிலாளி கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: “வரலாம் தம்பி. வந்தால் எல்லாவற்றையும் தடுக்க யாராலும் முடியாது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.” கடைக்காரருக்கு இந்தப் பதில் பிடிக்காது. எனக்கும்தான் பிடிக்கவில்லை. இதைவிட நேர்மையான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.